அறிவைப் பகுத்தால் பொறுப்பும் பகுபடுமா?

சோமனூரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் விசைத்தறியின் ஓசையே நம்மை வரவேற்கிறது. தறி நெசவாளருடையது, பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளருடையவை, நெய்து கொடுப்பவருக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. அக்கூலியை உயர்த்தித் தர வேண்டி 2022ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் வாரக்கணக்கில் அந்த ஓசை அடங்கிக் கிடந்ததை நாம் அறிவோம். ஊருக்கு அருகே, சாமளாபுரம் குளத்தைத் தொட்டுக்கொண்டு நொய்யல் ஓடுகிறது. தறியும் ஆறுமாக அமைந்த இந்த மண்ணில் நின்று ஒரு கேள்வியை எழுப்புவோம்: வணிகத்தைப் பொறுப்புடன் நடத்தும் கலையை ஒருவர் யாரிடம் கற்க வேண்டும்?

மேலாண்மைக் கல்லூரியில் என்பது எளிய விடை. ஆனால் நொய்யலின் வரலாறு அவ்விடையை ஏற்க மறுக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் இந்நதியின் குறுக்கே, பாசனத்திற்கென ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டிற்கு வந்தது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, சாயக்கழிவு அணையில் தேங்கியது. நீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், திறக்காதீர்கள் என்று மன்றாடும் நிலை உருவாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயினும் துன்பம் தீரவில்லை. ஏன்?

பருத்தியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு ஏராளமாகத் தேவை. தொடக்கத்தில் அமைந்த நிலையங்கள் நிறத்தை நீக்கின. நீரில் கரைந்த உப்பை நீக்கவில்லை. நிறம் போனதும் குற்றம் போயிற்று என்று கண்கள் நம்பின. கிணற்று நீரைச் சுவைத்த உழவருக்கோ உண்மை தெரிந்திருந்தது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. நாட்கூலியை நம்பிய குடும்பங்களின் அடுப்புகளும் அணைந்தன. நிலத்தை இழந்தவரும் ஏழை, வேலையை இழந்தவரும் ஏழை!

இதில் யார் குற்றவாளி? ஏற்றுமதியாளர் விலையைக் கணக்கிட்டார். சாயத் தொழில்நுட்பர் நிறத்தைக் கவனித்தார். பொறியாளர் நிலையத்தைக் கட்டினார். வங்கியாளர் கடன் திரும்புமா என்று பார்த்தார். ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தில் தேர்ச்சி பெற்றவரே. "அது என் துறையன்று" என்று ஒவ்வொருவரும் நேர்மையாகவே சொல்லியிருக்கக்கூடும். அறிவைக் கூறு போட்டபோது பழியும் கூறு போடப்பட்டு, இறுதியில் எவர் பங்கிலும் எஞ்சாமற் போயிற்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், அறிவு துண்டாடப்படுவதால் முழுமையைக் காணும் ஆற்றலை நாம் இழப்பதாகக் கவலை தெரிவித்தது இதனாலன்றோ?

அறியாமை மன்னிக்கத்தக்கது என்பர். அறிய இயலாதவனுக்கு அது பொருந்தும். கேட்டால் தெரிந்துகொள்ளக்கூடியதைக் கேளாமல் இருப்பவனுக்குப் பொருந்துமா? பக்கத்து வீட்டாரைக் கேட்டாலே தெரியும் ஒன்றைத் தெரியாது என்பது அறியாமையன்று; அக்கறையின்மை.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. பலர் கூடினால் பொறுப்பு மேலும் சிதறாதா? குழு முடிவு செய்தது என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்ள மாட்டார்களா? நியாயமான ஐயமே. ஆகவே ஒரு வேறுபாட்டை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். பல துறையினர் கூடுவது பார்வையை விரிப்பதற்காக. பழியைப் பங்கிடுவதற்காக அன்று. முடிவெடுப்பவர் முழுப் பொறுப்பையும் தாமே சுமக்க வேண்டும். கூடிக் கற்பதன் பயன் அச்சுமை குறைவதன்று. தாம் சுமப்பது இன்னதென்று அவர் தெளிவாக அறிவதே.

கூடுவதற்கு நமக்கு இடமில்லாமல் இல்லை. கோவையில் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951 முதலும், ஜவுளி ஆராய்ச்சிக்கான சிட்ரா நிறுவனம் 1956 முதலும், வேளாண் பல்கலைக்கழகம் 1971 முதலும் இயங்குகின்றன. பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கென ஐ.நா. ஆதரவில் 2007இல் வகுக்கப்பட்ட கொள்கைகள் கூட்டுறவையும் உரையாடலையும் வலியுறுத்துகின்றன. ஆயினும் பேராசிரியர்கள் மட்டுமே கூடினால் போதாது. மேலாண்மை மாணவர் ஒருவர் மண்ணியல் மாணவரோடு நொய்யல் கரைக் கிணறுகளைக் காணட்டும். பிறகு இருவரும் சோமனூர்த் தறிக்கூடத்தில் அமர்ந்து, மின்கட்டணமும் உதிரிபாகச் செலவும் கடன் தவணையும் போகக் கூலியில் மிஞ்சுவது என்ன என்று நெசவாளரையே கேட்டு எழுதட்டும். அவர் அங்கே ஆய்வுப் பொருளல்லர்; ஆசிரியர்.

இதனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாது. கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் இன்றைய முறைக்கு எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகின்றன. எஞ்சும் திடக்கழிவை எங்கே வைப்பது என்ற வினாவும் தொடர்கிறது. ஒரு தீர்வு புதிய கடமையைப் பெற்றெடுக்கிறது. ஆதலின் ஒருமுறை கேட்டுவிட்டு ஓய்ந்திருக்க நமக்கு உரிமையில்லை.

ஊடையின்றிப் பாவு மட்டும் துணியாவதில்லை. இதைச் சோமனூரின் சிறு குழந்தையும் அறியும். கற்றறிந்த நாம் அறிய இன்னும் எத்தனை ஆறுகள் நிறம் மாற வேண்டும்?