உடைமை என்பது யாது? விளையாட்டுக் கணினியும் கொன்சோலும் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

‘இது என்னுடையது’ என்பது மனிதர் நாள்தோறும் கூறும் எளிய வாக்கியங்களுள் ஒன்று. ஆயினும், அதன் பொருள் யாதெனக் கேட்டால் விடை எளிதாக வந்துவிடுவதில்லை. விலை கொடுத்து வாங்கியதனால் ஒரு பொருள் எனதாகின்றதா? அதனைப் பயன்படுத்துவதனாலா? அன்றி, அதன்மீது நான் செலுத்திய உழைப்பினாலா? மெய்யியலாளர் இவ்வினாவைப் பெரும்பாலும் நிலம், வீடு, விளைச்சல் ஆகியவற்றை முன்வைத்தே ஆராய்ந்துள்ளனர். இக்கட்டுரை அதனை மிகச் சாதாரணமான ஒரு பொருளை முன்வைத்து ஆராய முற்படுகின்றது. விளையாடுவதற்காக ஒரு கணினியைக் குறைந்த செலவில் உதிரிப்பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொள்வதா, அல்லது கொன்சோல் எனப்படும் விளையாட்டுப் பெட்டியை முழுமையாக வாங்குவதா என்பது ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் இளைஞரிடையே அடிக்கடி எழும் ஒரு வாதம். பணத்தைப் பற்றிய வாதமாகவே இது தொடங்குகின்றது. ஆனால் அதனுள்ளே உடைமை பற்றிய ஓர் அறவினா மறைந்து கிடக்கின்றது என்பதே இங்கு எடுத்துக்காட்டப்படுவது.

முதலில் இவ்விரு பொருள்களின் இயல்பை நோக்குதல் வேண்டும். கொன்சோல் என்பது சோனி, மைக்ரோசொப்ட், நின்டென்டோ முதலிய நிறுவனங்கள் விளையாட்டுக்கென்றே தயாரித்து, மூடி, விற்கும் ஒரு கணினி. அதனைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்ததும் விளையாடலாம். வேறு அறிவு எதுவும் வேண்டியதில்லை. தாமே அமைக்கும் கணினியின் தன்மை வேறு. மதர்போர்ட், புரொசசர், ராம், கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை, கேசிங் என ஒவ்வொன்றையும் தனித்தனியே தெரிந்து பொருத்தவேண்டும். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியின் அமைப்பு விவரங்களைக் கைந்நூலாக வெளியிட்டமையால், பிற நிறுவனங்களும் அதனுடன் பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கின. இன்று வெவ்வேறு நிறுவனங்கள் செய்த, ஒன்றுக்கொன்று பொருந்தும் பாகங்களை இணைக்க இயல்வது அத்திறந்த அமைப்பின் வழிவந்த பயனாகும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாகம் தேடுவோர் அறிந்தோ அறியாமலோ அந்த மரபின் வாரிசுகளே. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றை வாங்கி, அதனுள் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகுவது வசதி குறைந்தோர் கைக்கொள்ளும் வழி. 2016 இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்ற கார்டுகளிற் பலவற்றுக்குத் தனியான மின்வயர் தேவையில்லை. மதர்போர்ட் தரும் மின்சாரமே போதுமானது. ஆகையால் பழைய பெட்டியும் புதிய பயனுக்கு உதவுகின்றது.

இனி விலை. பிளேஸ்டேஷன் 5 என்னும் கொன்சோல் 2020 நவம்பரில் அமெரிக்காவில் 499 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. ஒரு டொலர் 300 ரூபா எனக் கொண்டால், வரியும் போக்குவரத்துச் செலவும் சேராமலே அது ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாவாகும். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தை அளவுகோலாகக் கொள்வோமாயின், அது ஒரு தோட்டத் தொழிலாளியின் 111 நாட்களின் உழைப்பு. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும், உண்ணாமல் உடுக்காமல் நான்கு மாதங்களுக்கு மேல் சேர்க்கவேண்டிய தொகை. அமைக்கும் கணினியும் மலிவானதன்று. எனினும் அதனை ஒரே நாளில் வாங்கி முடிக்கவேண்டியதில்லை. இவ்வருடம் பெட்டி, தீபாவளி முற்பணத்தில் ராம், அடுத்த வருடம் கார்ட் எனத் துண்டு துண்டாக வரும் பணத்துக்கு ஏற்பத் துண்டு துண்டாக அது வளரும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். கொழுந்துக்கூடை சுமந்து ஈட்டிய பணத்தை விளையாட்டுக்குச் செலவிடுவதே முறையன்று. அவ்வாறிருக்க எதை வாங்குவது என்னும் ஆராய்ச்சி எதற்கு என்பதே அத்தடை. இதனைப் புறக்கணித்துச் செல்லல் ஆகாது. தோட்டப்புற வீடுகளில் கணினி வேண்டுமெனக் கேட்கும் பிள்ளை ‘படிப்புக்கு’ என்றே கேட்கின்றது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி தொலைபேசித் திரைக்குள் சுருங்கியபோது அக்கோரிக்கைக்கு மெய்யான நியாயமும் இருந்தது. ஆனால், விளையாட்டுக்கு என்று வெளிப்படையாகக் கேட்க நாணவேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது? ஒல்லாந்து வரலாற்றறிஞர் யோகான் ஹொய்சிங்கா 1938 இல் வெளியிட்ட தமது நூலில் மனிதப் பண்பாடே விளையாட்டினூடாகத் தோன்றி வளர்ந்தது என வாதிட்டார். அவர் கூற்றை முழுமையாக ஏற்காதவரும், உழைப்பைத் தவிர வேறெதற்கும் உரிமையற்றவனாக ஒருவனைக் கருதுவது அவனைக் கருவியாகக் கருதுவதே என்பதை மறுக்கமாட்டார். பெரட்டுக் களத்துக்கும் நிறுவைத் தராசுக்கும் இடையிலேயே தலைமுறைகளைக் கழித்த ஒரு சமூகத்துக்கு ஓய்வும் விளையாட்டும் ஆடம்பரங்கள் என்று போதிப்பது அறமாகாது. கடன்பட்டு வாங்குவது தவறெனின் அது கடனின் தவறேயன்றி விளையாட்டின் தவறன்று.

விளையாடுவது தகும் எனக் கொண்டபின், எதனைக்கொண்டு விளையாடுவது என்னும் வினா எஞ்சுகின்றது. உடைமை என்னும் கருத்தைப் பகுத்து நோக்கினால் அதனுள் மூன்று உரிமைகள் அடங்கியிருப்பதைக் காணலாம். பொருளைப் பயன்படுத்தும் உரிமை ஒன்று. அதனைத் திறந்து, மாற்றி, பழுது பார்க்கும் உரிமை மற்றொன்று. விரும்பியவர்க்குக் கைமாற்றும் உரிமை மூன்றாவது. முதலாவது மட்டும் உள்ளவன் பயனாளி. மூன்றும் உள்ளவனே உடையவன்.

இவ்வளவுகோலைக் கொண்டு கொன்சோலை அளந்து பார்க்கலாம். 2006 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3, லினக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தன்னுள் நிறுவிக்கொள்ள இடமளித்தது. கொன்சோலும் ஒரு கணினியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் 1760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை இணைத்து 2010 இல் ஒரு மீத்திறன் கணினியையே உருவாக்கியது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 1 ஆந் திகதி சோனி வெளியிட்ட ஒரு மென்பொருட் திருத்தம் அவ்வசதியை நீக்கிவிட்டது. திருத்தத்தை ஏற்க மறுத்தோர் அந்நிறுவனத்தின் இணைய விளையாட்டுச் சேவையை இழந்தனர். வாங்கும்போது இருந்த ஒன்று, வாங்கி வீட்டுக்குக் கொண்டுசென்ற பின்னர், விற்றவராலேயே மீளப் பெறப்பட்டது. கொன்சோல் மூடியிருப்பது பொறியியலின் கட்டாயத்தால் அன்று, விற்பவரின் தீர்மானத்தால் என்பதையும் இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது.

இன்னொரு செய்தி எமக்கு நெருக்கமானது. 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 என்னும் விளையாட்டைக் கணினியில் விளையாடுவோரும் தனது பிளேஸ்டேஷன் வலையமைப்பிற் கணக்கு வைத்திருக்கவேண்டும் என சோனி அறிவித்தது. அவ்வலையமைப்பு அதிகாரபூர்வமாகச் செயற்பட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அந்நிபந்தனை கைவிடப்பட்டது. ஆயினும் அத்தகைய பட்டியலுக்கு வெளியே உள்ளவன் கொன்சோலுக்கு முழு விலை கொடுத்தாலும், கணக்குத் திறக்கும்போது வேறொரு நாட்டைத் தன் நாடாகக் குறிப்பிட வேண்டியவனாகின்றான். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அதன் எச்சங்களைச் சுமந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள், விளையாட்டுக்காகவும் பொய்யான நாடொன்றைக் கூறவேண்டியிருப்பது சிந்தனைக்குரியது. இரண்டும் ஒரே அளவினவான துன்பங்கள் என்று கூறுவது நகைப்புக்கிடமாகும். பட்டியலை வரைபவன் ஒருவன், அதில் தன் பெயரைத் தேடுபவன் இன்னொருவன் என்னும் உறவுமுறையில் மட்டுமே ஒப்புமை உண்டு.

இவ்வுறவுமுறையை மலையகம் நன்கறியும். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட காலந்தொட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயத்துக் காம்பராவை எண்ணிப் பார்ப்போம். அதில் பிறந்தனர், மணந்தனர், இறந்தனர். பயன்படுத்தும் உரிமை இருந்தது. அதுவும் வேலை இருக்கும்வரை. சுவரொன்றை இடித்து யன்னல் வைக்கவும், இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்கவும் நிருவாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. விற்கவோ அடகுவைக்கவோ இயலாது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 முதல் அவற்றின் முகாமை பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. உடையவர் மாறினர், உள்ளே இருந்தவர் பயனாளியாகவே இருந்தார். 17 ஆம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக், ஒருவன் தன் உழைப்பை இயற்கையோடு கலக்கும்போது அது அவன் உடைமையாகின்றது என்றார். அக்கோட்பாடு அப்படியே மெய்யாயின், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மலைகளில் உழைப்பைக் கலந்தோர் இன்று நிலவுடைமையாளராக இருந்திருக்கவேண்டும். 7 பேர்ச் நிலத்துக்காக அவர்கள் கோரிக்கை எழுப்பவேண்டியிருந்தது என்பதே வரலாறு. எனவே உழைப்பும் விலையும் மாத்திரம் உடைமையை ஆக்குவதில்லை. திறக்கவும் மாற்றவும் கைமாற்றவும் உள்ள உரிமை ஏற்கப்பட்டபோதே உடைமை நிறைவுறுகின்றது.

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. அவற்றை நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். முதலாவது, அமைத்த கணினியும் முழு உடைமையன்று என்பது. ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் வாங்கும் விளையாட்டுகள் உண்மையில் அனுமதிப்பத்திரங்களே. 2014 இல் வெளிவந்த த குரூ என்னும் காரோட்ட விளையாட்டின் வழங்கிகளை யூபிசொப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 இல் நிறுத்தியபோது, கணினியில் வாங்கியவரும் கொன்சோலில் வாங்கியவரும் ஒருங்கே இழந்தனர். இத்தடை வலுவானது. ஆனால் இது காட்டுவது உடைமை என்பது உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளையுடையதன்று, படிமுறையானது என்பதையே. கணினியை உடையவன் ஒரு கடை மூடினால் வேறு கடைக்குச் செல்லலாம். வேறு இயக்க முறைமையை நிறுவலாம். விளையாட்டே வேண்டாமென்று கடிதம் தட்டச்சு செய்யலாம். கொன்சோல் உடையவனுக்குக் கதவு ஒன்றே. இவ்விடத்தில் கொன்சோலுக்குரிய ஒரு சிறப்பையும் மறைத்தலாகாது: குறுந்தட்டில் வரும் அதன் விளையாட்டுகளை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், விற்கலாம். கைமாற்றும் உரிமையின் ஒரு பகுதி அங்கே இன்றும் உயிருடன் இருக்கின்றது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. எல்லோரும் எல்லாவற்றையும் திறந்து பார்க்கவேண்டுமா? பஸ்ஸில் ஏறுபவன் அதன் எஞ்சினை அறிந்திருக்கவேண்டியதில்லை. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவனுக்கு, இயக்கியதும் இயங்கும் பொருளே ஓய்வைத் தருகின்றது. பழுதைத் தேடி இரவைக் கழிப்பது அவனுக்கு இன்னொரு வேலை. மேலும், ஒரே வகைக் கொன்சோல் ஹட்டனில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் அதன் ஆற்றல் ஒன்றே. கணினியிலோ பணமுள்ளவன் பெரிய கார்டைப் பூட்டி முந்திவிடுகின்றான். எளிமையும் சமத்துவமும் அற்பமான நன்மைகள் அல்ல.

இத்தடையில் உள்ள உண்மையை ஏற்றே விடை காணவேண்டும். இவான் இலிச் 1973 இல் கருவிகளைப் பற்றி எழுதிய நூலில், மனிதன் தன் நோக்கத்துக்கு வளைத்துக்கொள்ளக்கூடிய கருவிகளையும், தம் நோக்கத்துக்கு மனிதனை வளைக்கும் கருவிகளையும் வேறுபடுத்தினார். எல்லோரும் பழுது பார்ப்போராக வேண்டும் என்பது இதன் கருத்தன்று. பழுது பார்க்க விரும்புவோனுக்கு வழி அடைக்கப்படலாகாது என்பதே. பஸ்ஸில் ஏறுபவன் எஞ்சினை அறியாதிருக்கலாம். ஆனால் எஞ்சினைத் திறக்கும் உரிமை ஊரில் எவருக்குமே இல்லையெனில், அந்த பஸ் பழுதடையும் நாளில் ஊரே நின்றுவிடும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்புச் சரிந்து, இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, புதியது வாங்க இயலாதோரைக் காத்தது பழையதைத் திறந்து திருத்தும் கைத்திறனே. திறந்த கணினி ஒன்று லயத்தில் இருக்குமாயின், அதைச் சுற்றி அறிவு பரவுகின்றது. ஒருவன் ராமைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவதைப் பார்த்து நிற்கும் சிறுவன் அடுத்த முறை தானே அதைச் செய்கின்றான். மூடிய பெட்டியைச் சுற்றி விளையாட்டின் மகிழ்ச்சி பரவலாம். இத்தகைய அறிவு பரவுவதில்லை. சமத்துவம் பற்றிய வாதத்துக்கும் இதுவே விடை. எல்லோர்க்கும் ஒரே அளவான பூட்டு என்பது ஒரு வகைச் சமத்துவமே. லயத்தின் காம்பராக்களும் ஒன்றுக்கொன்று சமமாகவே கட்டப்பட்டன.

கொன்சோல் வாங்குவோர் தவறு செய்கின்றனர் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. தன் ஓய்வின் வடிவத்தைத் தெரிவது ஒவ்வொருவருடைய சுதந்திரம்; அச்சுதந்திரத்தையும் பறிப்பது அறத்தின் பெயரால் இழைக்கப்படும் இன்னொரு ஆதிக்கமாகும். ஆனால் தெரிவு செய்பவன் எதனைப் பெற்று எதனை விடுகின்றான் என்பதை அறிந்து தெரிதல் வேண்டும். கொன்சோலின் விலைச்சீட்டில் தொகை மட்டுமே அச்சிடப்பட்டிருக்கின்றது. விட்டுக்கொடுக்கப்படும் உரிமைகள் அச்சிடப்படுவதில்லை. அவற்றைக் கணக்கிற் சேர்த்துப் பார்ப்பது வாங்குவோன் தனக்கே செய்யவேண்டிய கடமை. வாங்கியவர்க்குத் திறக்கவும் திருத்தவும் சட்டமும் சந்தையும் இடமளிக்கவேண்டும் என்று கேட்பது, கொன்சோல் வாங்கியவருக்கும் கணினி அமைத்தவருக்கும் பொதுவான கடமை. பயனாளியாகவே வாழப் பழக்கப்பட்ட ஒரு சமூகத்தின் இளைய தலைமுறை, உடையவராக வாழும் பயிற்சியை எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கியே ஆகவேண்டும். ஒரு திருப்புளியும் பழைய அலுவலகப் பெட்டியொன்றும் அப்பயிற்சிக்குப் போதுமானவை.