யாகமும் ஏரியும்

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தபோது, அன்று ஆட்சியிலிருந்த அதிமுக மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்தியது. குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பவர் கடவுளிடம் முறையிட்டால் அது பக்தி. ஏரியைத் தூர்வாரும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் முறையிட்டால், அது பொறுப்பைத் தெய்வத்தின் தலையில் கட்டுவதாகிவிடுகிறது. நம் மரபு இதற்கு நேர் எதிரானது. மன்னன் முறை தவறினால் மழை பொய்க்கும் என்கிறது குறள். வானிலை அறிவியலாக அது நிற்காது. ஆனால் யாரைக் கேள்வி கேட்பது என்பதில் அதற்குக் குழப்பமில்லை. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன யோசனை இன்னும் நேரடியானது: பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு. வேள்வி செய் என்று அவர் சொல்லவில்லை.

2018இல் வடகிழக்குப் பருவமழையே குறைந்துபோனதே, அரசு என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அதே நகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட விதத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மழைதான் குற்றவாளி என்றால், இடையில் பொதுப்பணித் துறை எதற்கு இருந்தது? நீர்நிலைகளை ஆக்கிரமித்தது மக்களும்தானே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெருங்குடிப் பகுதியில் நகரின் குப்பையைக் கொட்டி மலையாக்கியது மாநகராட்சி.