எதிர்ப்புச் சக்தி என்பது யாது?

அடுகோடிக்கு அண்மையில் 1973-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்திற்குக் கன்னட மக்களேயன்றி, ஓசூர், கோலார் தங்கவயல் முதலிய இடங்களிலிருந்து தமிழ் மக்களும் வருகின்றனர். இத்தகைய நிலையங்களுக்கு வருவோருள் சிலர் கதிர்ச் சிகிச்சையை இடையில் விட்டு வீடு திரும்புவதுண்டு. "கதிர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும், இந்த லேகியம் அதனைப் பெருக்கும், நோய் தானே அகலும்" என்று கூறுவோர் அவர்களை எளிதிற் பற்றிக்கொள்கின்றனர். இக்கூற்றிற் பாதி உண்மையாயிருப்பதே இதனைக் கொடியதாக்குகின்றது. ஆதலின் இதனை ஆராய்வோம்.

இரத்தத்திலுள்ள நிணவணுக்கள் கதிருக்கு எளிதில் மடிவன. 2 அல்லது 3 கிரே அளவே அவற்றுட் பலவற்றை அழித்துவிடும். ஓடும் இரத்தம் நாள்தோறும் கதிரின் பாதையைக் கடப்பதால், பாதை அகன்று நாட்களும் நீளின் இழப்பு மிகும். இதுவரை லேகியக்காரர் கூறுவது மெய்யே. ஆனால் கட்டியின் வடிவத்திற்கேற்பப் பல கோணங்களிலிருந்து கதிரைக் குவிக்கும் இக்காலத்து நுண்குறி முறை அவ்விழப்பைக் குறைக்க வல்லது. சில கட்டிகளுக்கு ஐந்து வேளைக்குள்ளேயே சிகிச்சை முடிந்துவிடுகின்றது.

இனி, பொய்யான பாதியைக் காண்போம். புற்றணு வெளியிலிருந்து வந்த பகையன்று. நம் அணுவே பிறழ்ந்தது. காவலணுக்கள் பல வேளைகளில் அதனைத் தாக்காது விடுவது வலிமை குறைந்ததனால் அன்று. 'நம்மது' என்று கருதுவதனாலேயாம். 'நான், எனது' என்னும் எல்லை நிலையற்றது என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது. கதிரால் மடியும் புற்றணு தன் உட்பொருள்களை வெளியே சிந்துகின்றது. அவற்றைப் பொறுக்கிச் செல்லும் அணுக்கள் நிணக்கணுவில் அவற்றைக் காட்ட, காவலணுக்கள் பகையின் அடையாளத்தை அங்கே கற்கின்றன. ஓரிடத்திற் கதிர் பட, வேறிடத்துக் கட்டியும் சுருங்கும் நிகழ்ச்சிக்கு 1953-இல் மோல் என்னும் ஆங்கில அறிஞர் பெயரிட்டார். 2012-இல் வெளியான ஒரு குறிப்பில், கருமைப் புற்று உற்ற ஒரு பெண்மணிக்கு முதுகெலும்பருகே கதிர் செலுத்தப்பட, மண்ணீரற் கட்டிகளும் சுருங்கின. அவர் காவலணுக்களின் தடையை நீக்கும் மருந்தையும் பெற்று வந்தவர். இத்தகைய தடைகளைக் கண்டறிந்தமைக்காகவே ஆலிசன், ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இது அரிய நிகழ்ச்சி என்பதை மறைத்தலாகாது. கதிரே காவலணுக்களை அடக்கும் அணுக்களையும் சில வேளை வரவழைக்கின்றது. கதிரும் மருந்தும் முடிந்தபின் தடைநீக்கி கொடுத்தபோது நுரையீரற் புற்றினர் பயனடைந்தனர் என்று 2017-இல் தெரியவந்தது. தலை, கழுத்துப் புற்றினர்க்குக் கதிரோடு உடனிகழ்வாகத் தொடங்கிக் கொடுத்த மற்றொரு சோதனையோ பயன் தரவில்லை. மேலும், தடை மிகுதியாக நீங்கின் காவலணுக்கள் நுரையீரலையும் குடலையும் தாமே புண்படுத்தும். எனவே வேண்டுவது சக்தியின் பெருக்கம் அன்று. தக்க காலத்தில் தக்கதை அறிதலேயாம். லேகியம் எதனை அறிவிக்கும்?

லேகியம் தருவோருள் தம் சொல்லை மெய்யென நம்பியே கூறுவோரும் உளர். அவர் பொய்யுரைத்தவராவரோ? எண்ணமே வினை என்று கொள்ளும் நாம், ஆகார் என்றே கூறவேண்டும். ஆயினும் பிறர் உயிரைப் பற்றிய சொல்லை ஆராயாமல் உரைத்தல் தனியொரு குற்றம். நல்லெண்ணம் அதனைப் போக்காது. கழுத்திலும் கருப்பைவாயிலும் தோன்றும் புற்றுநோயில், சிகிச்சை இடையில் நின்ற நாட்களில் எஞ்சிய அணுக்கள் மீண்டும் பெருகுகின்றன. லேகியத்திற்குக் கொடுத்த பணத்தை உழைத்துத் திரும்பப் பெறலாம். அந்நாட்களைப் பெறுதல் இயலாது.