அறியாமல் எழுதும் நன்றி

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது, கொழும்பை அடுத்த பேலியகொடைக்கு அக்கரையில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் வீடுகள் தண்ணீருக்குள் போயின. இராணுவத்தினரும் கடற்படையினரும் படகோடு வந்து சனங்களை ஏற்றினார்கள். இடுப்பளவு வெள்ளத்தில் நின்று கைக்குழந்தையை வாங்கிப் படகிலிருப்பவரிடம் நீட்டிய ஒரு சிப்பாய்க்கு அந்தத் தாய் கடமைப்பட்டவள். அதில் வாதத்துக்கு இடமில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து அவனுக்குக் கடிதம் எழுதினால், அது எழுதப்பட வேண்டிய கடிதம்.

நன்றியுணர்வை வளர்க்கவென்று பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளையும் படையினருக்குக் கடிதம் எழுதவைப்பது வேறு காரியம். அமெரிக்காவில் இது பழகிப்போன வழக்கம். இந்தியாவில் 2016 தீபாவளிக்கு வீரர்களுக்கு வாழ்த்து அனுப்பும்படி பிரதமர் மோடியே மக்களைக் கேட்டுக்கொண்டார். வீட்டைப் பிரிந்து காவலரணில் நிற்கும் இளைஞனுக்கு ஒரு பிள்ளையின் கோணல் எழுத்து தரும் ஆறுதலைக் குறைத்துப் பேசக்கூடாது. இலங்கைப் படையிலும் பலர் வறிய கிராமத்து வீடுகளிலிருந்து போனவர்கள்தான்.

இதையே கொழும்பில் ஒரு தமிழ் வகுப்பறையில் வைத்துப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் மாதிரிக் கடிதம். நாற்பது பிள்ளைகளும் ஒற்றை றூள் தாளில் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். நாற்பது தாளிலும் ஒரே வரி: உங்கள் தியாகத்தை மறவோம். எந்தத் தியாகம் என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. அல்லது, வேறொன்று தெரிந்திருக்கும். 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பாதுகாப்புத் தரப்பினர் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது; அரசும் பின்னர் வருத்தம் தெரிவித்தது. அந்த பஸ்ஸில் இருந்தவரின் பேத்தி இன்று அந்த வகுப்பில் இருக்கலாம். காணாமல் போன மகனுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் ஒரு பாட்டியின் பேரனும் இருக்கலாம். அவன் கையால் அந்த வரியை எழுதவைப்பது வன்முறை. மெல்லியதுதான், ஆனாலும் வன்முறை.

வள்ளுவரைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. கொல்வதுபோன்ற தீங்கைச் செய்தவரானாலும் அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கு மறைந்துபோகும் என்றல்லவா அவர் சொல்கிறார்? உண்மை. ஆனால் அது துன்பப்பட்டவர் தனக்குள் செய்துகொள்ள வேண்டிய நினைவு. பக்கத்தில் நிற்பவர் அதை ஏவ முடியாது. மேலும், அங்கே தீங்கு செய்தவரும் நன்மை செய்தவரும் ஒரே ஆள். சீருடை ஒரு ஆள் அல்ல. படகை ஓட்டியவன் வேறு, விடுதிக் கதவைத் தட்டியவன் வேறு. முதலாமவனின் நன்மையை மறுப்பதும் அநியாயம், அதை இரண்டாமவனின் கணக்கில் வரவு வைப்பதும் அநியாயம். அந்தக் குறள் வரும் அதிகாரத்தின் பெயரே செய்ந்நன்றி அறிதல். சொல்லுதல் அல்ல, அறிதல்.

அப்படி அறியவேண்டிய நன்மைக்குப் பேலியகொடையில் பஞ்சமில்லை. ஊர் உறங்கும் நேரத்தில் மீன் சந்தைக்குள் லொறிகள் நுழைகின்றன; ஐஸ் கரையும் பெட்டிகளைத் தோளில் சுமந்து இறக்குகிறார்கள். 2020 ஒக்டோபரில் அந்தச் சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது, அதே தொழிலாளரை ஊரே நோய்க்காரராகப் பார்த்தது. கொழும்புப் பிள்ளையின் சோற்றுக் கோப்பையில் அவர்களின் இரவு இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னவர் யார்?

ஆசிரியர்களே, கரும்பலகையை வெறுமையாக விடுங்கள். உனக்கு நன்மை செய்தவர் யார், என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள். ஒரு பிள்ளை வெள்ளத்தில் வந்த சிப்பாய்க்கு எழுதினால் அந்தக் கடிதத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து அவனிடம் சேர்ப்பியுங்கள். இன்னொரு பிள்ளை தாளை வெறுமையாகத் தந்தால், புள்ளி குறைக்காமல் வாங்கி வையுங்கள்.