குறைத் தையல்

ஆனி மாதத்து மழை நோர்வூட் பள்ளத்தாக்கில் இறங்கி, பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பாதை பிரியும் சந்தியை மூடி, எதிர்மலையின் தேயிலை நிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழித்துவிடுகிற பிற்பகல்களில், கட்டிலின் கீழிருக்கும் தகரப் பெட்டிகள் இரண்டையும் இழுத்துத் திறந்துவைத்துக்கொண்டு தையலுக்கு உட்காருவது எனக்குப் பல வருஷத்துப் பழக்கம். ஒரு பெட்டியில் இருப்பவை இன்னும் ஊசி படாத துணிகள்: நைந்த பருத்திச் சேலைகள், கடைவீதித் தையற்காரர் கூட்டித் தள்ளவிருந்த ரவிக்கைத் துண்டுகள், பள்ளிச் சீருடையில் மிஞ்சிய வெள்ளை, கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்து கொடுக்கும் வெட்டுத்துண்டுகள். மற்றப் பெட்டியில் இருப்பவை தொடங்கி முடியாத ஒட்டுப் போர்வைகள், சென்ற ஆடி வரை எண்ணினால் ஏழு.

இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் என் மனத்தில் எழும். இத்தனை துணியைச் சேர்த்து வைத்திருப்பது பற்றா, அன்றி நம்பிக்கையா என்பது ஒன்று. தொடங்கி முடிக்காமல் விட்ட காரியம் வீணாய்ப் போன காரியந்தானா, அன்றி எவ்விடத்திலேனும் யாருடைய கணக்கிலேனும் அது நிற்குமா என்பது மற்றொன்று. கந்தல் துணியை வைத்து எழுப்பத்தக்க கேள்விகள் அல்ல இவை என்று சிலர் கருதலாம். ஆயினும் பெரிய காரியங்களில் புகழாசையும் கடமையும் கலந்து நிற்பதால் மனிதன் தன் பற்றைத் தானே அடையாளம் காண்பது அரிது. யாரும் ஏவாமல், யாரும் கூலி தராமல், மனம் விரும்பியே செய்கிற சிறிய காரியத்தில்தான் அது வெளிப்படையாக வந்து நிற்கிறது.

ஏழு போர்வைகளிலும் மூத்தது என் தாயார் தொடங்கியது. அதன் நடுவிலே இருப்பது பாதியாகக் கிழிக்கப்பட்ட ஒரு சிவப்புச் சேலையின் துண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடற்றவராக நின்ற மலைநாட்டு மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது; பத்து வருஷம் கழித்து 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாக வெட்டப்பட்டது. ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்து, ஒரே நிரையில் கொழுந்தெடுத்த என் தாயாரும் அவருடைய கூட்டாளியும் அவ்வாறு வெட்டுப்பட்டவர்கள். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் மக்கள் பெயரிட்டார்கள். அதில் ஏறுவதற்கு முதல்நாள் இரவு அந்த அம்மாள் தம்முடைய நல்ல சேலையை நடுவே கிழித்து, "ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி புள்ள, அங்கிட்டுப் போயி நானும் ஒன்னு தச்சுக்கிறேன்" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அந்தத் துண்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் வரிசை வரிசையாகத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு போனார் என் தாயார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, நிறை குறைந்து அரைநாள் கூலியாகிய அரைப்பேர் விழுந்த நாளாயினும் சரி, சிம்னி விளக்கின் முன்னே தேயிலைக் கறை ஏறிய விரல்களால் அவர் தைத்த தையல் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. முதல் வரிசையில் அது பச்சரிசி போலச் சிறியதாய் நெருங்கி நிற்கும். மூன்றாவது வரிசையில் நீண்டு போகும். நான்காவது வரிசையில் ஓரிடத்தில் கோணி, மீண்டும் நேர்ப்பட்டிருக்கும். ஐந்தாவது வரிசையின் நடுவிலே ஊசி குத்தியபடியே நிற்க அவர் காலமானார். ஊசி துருப்பிடித்து, அதைச் சுற்றித் துணியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறை படிந்திருந்தது. அந்தப் போர்வையில் என் கையால் ஒரு தையல் போடுவதற்கு நான் முப்பது வருஷம் அஞ்சினேன்.

துணி சேர்க்கும் ஆசையைப் பற்றி நம்முடைய மரபு சொல்வது யாவரும் அறிந்தது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராகிய திருவெண்காடர், வளர்ப்பு மகன் விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்து, அதற்குள்ளே காதற்ற ஊசி ஒன்றைக் கண்டு, செல்வம் முழுவதையும் உதறிப் பட்டினத்தாராகப் புறப்பட்டார். அப்பெட்டியில் வைக்கப்பட்டது காதற்ற ஊசியாக இருப்பானேன் என்று நான் நெடுங்காலம் யோசித்ததுண்டு. காது உள்ள ஊசியும் இறுதி வழிக்குத் துணை வரப்போவதில்லை. ஆனால் அது இங்கே இருக்குமளவும் நூலை ஏற்று, ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துவைத்துவிட்டுப் போகும். காதற்ற ஊசியோ குத்தும், சேர்க்காது. ஆகவே அந்தக் கதை பொருள் முழுவதையும் பழிக்கவில்லை. எதனோடும் எதனையும் இணைக்காமல் பெட்டிக்குள்ளே கிடக்கிற பொருளையே பழிக்கிறது என்பது என் துணிபு. இந்த அளவுகோலை என் தகரப் பெட்டியின்மீது வைத்துப் பார்த்தபோது, அதிலிருந்த துணியில் பெரும்பகுதி காதற்ற ஊசியாகவே எனக்குத் தோன்றியது.

எனினும் சேர்த்துவைத்தல் அனைத்தும் உலோபம் ஆகிவிடாது. பௌத்த சங்கத்தின் விநய விதிகளில் இதைக் குறித்து வியக்கத்தக்க நுட்பம் ஒன்று இருக்கிறது. பிக்கு ஒருவருக்குத் தேவைக்கு மேற்பட்ட சீவரத்துணி கிடைத்தால் அதைப் பத்து நாள் மட்டுமே அவர் தம்மிடம் வைத்திருக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்தால் கைவிட்டாக வேண்டும். ஆனால் கிடைத்த துணி ஓர் ஆடைக்குப் போதாமலிருந்து, குறையும் துணி எங்கிருந்தாவது வரும் என்ற நம்பிக்கையும் இருக்குமானால், ஒரு மாதம் வரை வைத்திருக்க அனுமதியுண்டு. துறவுக்கே சட்டம் எழுதியவர்கள், இன்னும் வரவேண்டிய ஒரு துண்டை எதிர்பார்த்துத் துணியைப் பத்திரப்படுத்துகிற மனித உள்ளத்தை அறிந்து, அதற்கு இடமும் கொடுத்து, கூடவே ஒரு தவணையும் வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை குற்றமன்று, தவணை கடந்த நம்பிக்கையே பற்றாகிறது. முதல் கேள்விக்கு இதனிலும் நேரிய விடையை நான் கண்டதில்லை.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. அதைக் குருக்ஷேத்திரத்திலே அர்ச்சுனனே கேட்டிருக்கிறான். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் யோகத்தின் உயர்வையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன், சிரத்தையோடு தொடங்கியும் மனம் நழுவி நடுவழியில் நின்றுவிட்டவனுடைய கதி என்ன, அவன் இருபுறமும் இழந்து கிழிபட்ட மேகத்தைப் போலச் சிதறிப் போவானல்லவா என்று வினவுகிறான். கிழிபட்ட மேகம் எத்தகையது என்பதை எங்கள் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தின்மேல் எழுந்து மலைச்சரிவிலே மோதி, மழையாகவும் ஆகாமல் வானத்துக்கும் திரும்பாமல் கந்தல் கந்தலாகத் தொங்கிக் கரைந்துபோகிற மேகத்தை அன்றாடம் காண்கிறவர்கள் நாங்கள். கண்ணபிரான் தருகிற விடையோ அபயம். நன்மையைச் செய்யத் தொடங்கிய எவனுக்கும் இங்கேயும் கேடில்லை, அங்கேயும் கேடில்லை. யோகப்பிரஷ்டனாகிய அவன் தூயோர் மனையிலோ யோகியர் குலத்திலோ மறுபடி பிறந்து, முந்தைய உடம்பில் பெற்ற புத்தியோடு கூடி, விட்ட இடத்திலிருந்து மேலே முயல்வான் என்பது அவ்விடையின் சாரம்.

விட்ட இடத்திலிருந்து என்பதுதான் தையற்காரியின் நெஞ்சிலே தைக்கிறது. ஆன்மா ஜன்மம் விட்டு ஜன்மம் சென்று தன் முயற்சியைத் தொடர்கிறது என்பதைச் சாஸ்திரம் சொல்லக் கேட்டு நம்புகிறேன். ஆனால் கைவேலைக்கு மறுஜன்மம் எது? அது செய்தவனுடைய ஆன்மாவோடு போகாமல் இங்கேயே தங்குகிற பொருளாதலால், அது மறுபடி பிறக்க வேண்டிய தூயோர் மனை வேறொருவருடைய கையாகத்தான் இருக்க முடியும். அப்படியானால், முப்பது வருஷம் என் தாயாரின் வேலையை நான் பெட்டியிலே பூட்டி வைத்தது பக்தியன்று; பிறக்க வேண்டிய ஒன்றின் பிறப்பைத் தடுத்த செயல்.

இதை எனக்கு முற்றாக உணர்த்தியது எங்கள் அயலிலுள்ள சிங்கள மக்களின் பௌத்த வழக்கம். பிக்குகளின் சீவரம் வெட்டித் தைத்த ஆடை. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளால் பிரிந்து ஒழுங்காய்க் கிடப்பதைக் காட்டி, அவ்வண்ணமே துணியைத் துண்டாக்கித் தைக்க இயலுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் அமைத்த அமைப்பு அது என்று விநய நூல் கூறுகிறது. உலகம் வணங்குகிற அந்த ஆடையும் ஓர் ஒட்டுப் போர்வைதான். மழைக்கால வாசம் முடிந்த மாதத்தில் விகாரைகளில் நிகழும் கடின பூஜையிலே, அர்ப்பணிக்கப்பட்ட துணியை வெட்டி, தைத்து, சாயமேற்றி, அந்த ஒரே நாளிலே சீவரமாக நிறைவேற்றியாக வேண்டும் என்பது விதி. சங்கத்தில் உள்ளவர்கள் கூடிச் செய்தாலன்றி அது ஒரு நாளில் முடியாது. நான் பத்து வருஷத்தில் முடிக்காததை அவர்கள் ஒரு பகலில் எப்படி முடிக்கிறார்கள் என்று யோசித்தேன். அவர்களுடைய விரல்கள் என் விரல்களைவிட விரைவானவை அல்ல. அங்கே தைக்கிறவர்களில் எவருக்கும் அது தம்முடைய துணியன்று. என் பெட்டியிலிருந்த ஏழும் என்னுடையவை. குறை நின்றது நேரத்தினால் அன்று, மமகாரத்தினால் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இவ்விளக்கத்தின் திருவுருவை எங்கள் மலையிலேயே காணலாம். நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற யாத்திரிகர்களின் பாதையில் இந்திகட்டுபான என்றோர் இடம் உண்டு. சிங்களத்தில் ஊசிக்கு வழங்கும் பெயரால் அமைந்த இடம் அது. புத்தர் கிழிந்த சீவரத்தை அவ்விடத்தில் தங்கித் தைத்தார் என்பது ஐதிகம். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நடக்கும் யாத்திரைக் காலத்தில், முதன்முதலாக மலையேறுகிறவர்கள் நூல் கோத்த ஊசியை அங்கே செலுத்தி, வெள்ளை நூலை வழி நெடுகப் பிரித்து விட்டுக்கொண்டே போவார்கள். ஒருவருடைய நூல் தீருமிடத்தில் மற்றொருவருடைய நூல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நூலைச் சிகரம் வரை தனியொருவர் இட்டதாக ஒருவரும் சொல்லிக்கொள்வதில்லை.

சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் லயத்துப் பெண்கள் ஆறு பேரை அழைத்து, இரண்டு பெட்டிகளையும் இஸ்தோப்பிலே கொண்டுவந்து திறந்து வைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஒரு போர்வை முடிந்தது. மூன்றாவது காம்பிராவில் பிறந்து பதினொரு நாளான குழந்தைக்கு அன்றிரவே அதைப் போர்த்தினோம். துணிப்பெட்டியில் பாதியை அவர்கள் பங்கிட்டு எடுத்துச் சென்றார்கள். அதன்பின் என் தாயாரின் போர்வையை எடுத்து, துருவேறிய ஊசியை எண்ணெயிட்டு மெல்ல உருவிவிட்டுப் புது ஊசியில் நூல் கோத்து, அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு சாண் தைத்தேன். எஞ்சியதைத் தைக்கக் கேட்டவள், ஆறு பேரில் ஒருத்தியின் பன்னிரண்டு வயதுப் பெண். அவளுடைய தையல் மிக நீளம், கோணலும் உண்டு. பிரித்துத் தைக்கச் சொல்ல நான் விரும்பவில்லை.

இதைப் படிக்கிறவர்களுடைய இல்லத்திலும் இப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். அதில் இருப்பது துணியாக இல்லாமல், பாதி எழுதிய ஏடாகவோ, பாதி கற்ற இசையாகவோ, ஒருவருக்குச் செய்வதாகச் சொல்லித் தள்ளிப்போட்ட உதவியாகவோ இருக்கலாம். அதற்கு ஒரு மாதத் தவணை வையுங்கள். தவணைக்குள் உங்களால் ஆகாவிட்டால், ஆகக்கூடிய கையைத் தேடிக் கொடுங்கள். என் தாயாரின் போர்வையில் ஐந்தாவது வரிசை முடிந்து, ஆறாவது இப்போது நடக்கிறது.