தட்டும் கை

1951 அக்டோபரில், ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ஹேலியோ கிரேசியின் கையை முறுக்கிப் பூட்டினார். தோற்றேன், விடு என்று கையால் தட்டுவதுதான் முறை. ஹேலியோ தட்டவில்லை. கை முறிந்த பிறகும் தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பூட்டு இன்று பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் வென்றவர் பெயராலேயே, கிமுரா என்று அழைக்கப்படுகிறது. பெருந்தன்மைதான். ஆனால் கதை கேட்கும் பெடியள் மனதில் நிற்பது அந்தத் தட்டாத கை.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நாற்பது வயது தாண்டி ஜியு-ஜிட்சுப் பாயில் இறங்கும் தமிழருக்கு விடிந்தால் வேலை இருக்கிறது. கடையில் பெட்டி இறக்கவேண்டும், வான் ஓட்டவேண்டும், வீட்டுக் கடன் கட்டவேண்டும். தோள் கழன்றால் அது வீடு முழுவதையும் பாதிக்கும். இருந்தும் இருபது வயதுப் பெடியனிடம் தட்டுவதற்கு மானம் இடம் கொடுப்பதில்லை. பற்களைக் கடித்து, முகம் சிவக்க, இன்னும் கொஞ்சம் தாங்கலாம் என்று கிடப்பார். பிடித்திருக்கும் பெடியனே கெஞ்சுவான்: "அண்ணை, பிடி விழுந்தவுடன தட்டுங்கோ. நோகுமட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

அவன் சொல்வதில் உடற்கூறு இருக்கிறது. முழங்கையை நீட்டிப் பூட்டினால் வலி முன்கூட்டியே எச்சரிக்கும். குதிகாலைப் பிடித்துத் திருப்பும் பூட்டு அப்படியல்ல. திருகுவது குதிகாலை, கிழிவது முழங்காலின் தசைநார். வலி உறைக்கும்போது காரியம் முடிந்திருக்கும். வலியைத் தாங்கும் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. காயம் தவிர்க்கத் தூக்கம், ஓய்வு, எடைப்பயிற்சி எல்லாம் வேண்டியவைதான், மறுக்கவில்லை. அவற்றை நாமே பார்த்துக்கொள்ளலாம். தட்டுவதற்கோ இன்னொருவர் வேண்டும். நான் தட்டுவேன் என்று அவனும், தட்டினால் விடுவான் என்று நானும் நம்பினால்தான் பயிற்சியே நடக்கும். ஒரு சுற்றின் ஐந்து நிமிடமும் என் முழங்கால் அவன் பொறுப்பில், அவன் கழுத்து என் பொறுப்பில்.

பழைய ஜுஜுட்சுவிலிருந்து 1882இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, ஆற்றலை வீணாக்காமை என்பதோடு, தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுதலையும் தன் கலையின் கொள்கையாக்கினார். மேடைப் பேச்சுக்கு ஏற்ற உபதேசம் என்று தோன்றும். பாயில் அது மூட்டுகளைக் காக்கும் நடைமுறை. நம் ரெய்னர்ஸ் லேனிலிருந்து பிக்காடில்லி வண்டியில் சவுத் கென்சிங்டனில் இறங்கினால் கொஞ்ச நடையில் புடோக்வாய் இருக்கிறது. குஞ்சி கொய்சுமி 1918இல் லண்டனில் தொடங்கிய ஜூடோக் கழகம். நூறு ஆண்டுகளாக மனிதர்கள் ஒருவரையொருவர் அந்தக் கழகத்தில் தூக்கி எறிந்துகொண்டிருப்பது, எறிந்தவன் விழுபவனின் கையை விடாமல் பிடித்திருப்பதால்தான்.

ஹேலியோ 2009இல், 95ஆவது வயதில் இறந்தார். முதுமையிலும் பாயை விடவில்லை. முறிந்த கையைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

கழகம் தேடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சேருமுன் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் தொங்கும் பதக்கங்களை விடுங்கள். தட்டியதும் பிடி உடனே தளர்கிறதா, நரைத்த தலைகள் பாயில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் காசு கட்டாமல் வீட்டுக்குத் திரும்புங்கள்.