இரையிட்டுக் கோறல்

குற்றங்களுள்ளே பெரிது சிறிது என்னும் பாகுபாடு உண்டோ இல்லையோ என்பது அறவாராய்ச்சியிற் பலகாலும் எழும் வினா. முடிவு ஒன்றேயாயின், அதனை அடைதற்குக் கைக்கொண்ட உபாயம் எதுவாயினென் என்பர் ஒரு சாரார். உபாயமே செயலின் இயல்பை நிச்சயிக்கும் என்பர் மற்றொரு சாரார். இதனைப் பொதுவகையால் ஆராயின் சொற்பெருக்கே மிஞ்சும். ஆதலால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வேட்டைச் சட்டமொன்றை எடுத்து, அதன்மேல் வைத்து ஆராய்வாம்.

மயிலைக் கண்டு தானும் சிறகை விரித்தாடியதாக மூதுரை கூறும் வான்கோழியைத் தமிழ் மாணாக்கர் யாவரும் அறிவர். அப்பெயரால் இன்று நாம் வழங்கும் பறவைக்குத் தாயகம் வட அமெரிக்கக் கண்டமாம். அங்கே காட்டு வான்கோழிகள் பகலில் நிலத்தில் மேய்ந்து, இரவில் உயர்ந்த மரங்களில் அடையும். அவை கூரிய பார்வையும் மிக்க எச்சரிக்கையும் உடையன. அளவிறந்த வேட்டையாலும் காடழிவாலும் அவை அருகின. முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18 இல் 1920ஆம் ஆண்டளவில் அற்றொழிந்தன. பின்னர், துவக்கு தோட்டா முதலியவற்றின்மேற் கொள்ளும் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் முதலிய ஏற்பாடுகளாற் படிப்படியாகப் பெருகி, இன்று அரைக்கோடிக்கு மேற்பட்டனவாக மதிப்பிடப்படுகின்றன.

இளவேனிற் காலத்திற் பெரும்பாலும் சேவல்களையே வேட்டையாட மாநில அரசினர் உத்தரவுச்சீட்டு வழங்குவர். வேடன் விடியுமுன் சென்று மரத்தடியில் அசையாதிருந்து, மரப்பெட்டியாலும் கற்பலகையாலும் அமைந்த கருவிகளைத் தேய்த்துப் பேட்டின் குரலை எழுப்புவான். சேவல் அணுகி வரின் சுடுவான். ஐயுற்று நீங்கின் வெறுங்கையனாய் மீள்வான். இது சட்டத்துக்கு ஒத்ததாம். சோளம் முதலிய தானியத்தைப் பல நாள் ஓரிடத்தில் தூவிப் பறவைகளைப் பழக்கி, அவை வந்து உண்ணுங்காற் சுடுதலோ பல மாநிலங்களிற் குற்றமாம். பென்சில்வேனியாவில் இரை முழுவதும் அகற்றப்பட்ட பின்னும் 30 நாள்வரை அவ்விடத்தில் வேட்டையாடலாகாது. அலபாமாவில் மானையும் காட்டில் திரியும் பன்றியையும் இரையிட்டு வேட்டையாட 2019 முதல் தனி உத்தரவு பெறலாம். வான்கோழிக்கு அது செல்லாது.

இனி, இச்சட்டத்துக்கு மாறாக நான்கு தடைகள் நிகழ்த்தப்படும். கொலை கொலையே, சோளத்தருகே வீழ்ந்த பறவைக்கும் மரத்தருகே வீழ்ந்த பறவைக்கும் வேற்றுமை யாது என்பது முதலாவது. பேட்டின் குரலைப் பொய்யாக எழுப்புதலும் வஞ்சனையன்றோ என்பது இரண்டாவது. தெக்சாஸ் மாநிலத்தின் பெரும்பகுதியில் இரையிடுதல் குற்றமன்றே, எல்லைக்கோட்டைத் தாண்டினால் அறம் மாறுமோ என்பது மூன்றாவது. அருகிய பறவைகளைப் பெருக்கிய ஆராய்ச்சியாளரே 1950கள் முதற் சோளத்தைத் தூவி, கூடிய பறவைகள்மேற் சிறு பீரங்கிகளால் வலையை வீசிப் பிடித்தனரே என்பது நான்காவது. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதற்றடை, கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட நம்மனோர்க்கு எளிதிற் பொருந்துவது போலத் தோன்றும். வேட்டை முழுவதும் தீது என்பார்க்கு அதன் வகைகளை ஆராய்தல் எற்றுக்கு? அற்றன்று. தீமைக்குப் படிகள் இல்லை என்பவன், தீமை செய்தற்குத் துணிந்தவனை அதன் கடைசிப் படிவரை செல்லும்படி விடுத்தவனாவான். எல்லாம் ஒன்றே என்று கேட்டவன் தன்னைத் தடுத்துக்கொள்ளுதற்கு யாது காரணம் காண்பான்? ஒரு தீமையை முற்றும் விலக்க இயலாதவிடத்தும் அதனை எல்லைக்குட்படுத்தல் அறத்தின் தொழிலேயாம். நாம் வேட்டையை ஒப்புக்கொள்ளாமலே அவ்வெல்லையைப் பாராட்டலாம்.

இரண்டாந் தடை வலியது. அதனை மழுப்பிக் கடத்தல் நேர்மையன்று. குரலால் அழைத்தலும் வஞ்சனையே. எனினும் அவ்வஞ்சனை சிறிது நேரத்தது. பறவையின் கண்ணும் காதும் ஐயமும் அப்பொழுது விழித்திருக்கும்; அது வாராமலும் இருக்கலாம்; பலமுறை வருவதுமில்லை. இரையிடுதலோ பல நாட் செய்யும் தொழில். பறவை முதனாள் அஞ்சி வரும்; மறுநாள் அச்சங் குறையும்; பின்னர் அவ்விடத்தை நன்மை தரும் இடமென்றே கொள்ளும். வேடன் வெல்லுதற்கு முன்னமே பறவையின் காவல் அழிக்கப்படுகின்றது. அன்றியும் குரலுக்கு அணுகுவது பெரும்பாலும் சேவலே. தானியத்துக்குப் பேடும் இளம் பறவையும் கூட்டமாக வரும். கூட்டத்தால் நோய் பரவும்; முட்டையும் குஞ்சும் கவரும் விலங்குகளும் வந்து சேரும். பூஞ்சணம் பற்றிய தானியத்தின் கேடு சொல்லவேண்டா. 1960இல் இங்கிலாந்திற் பண்ணைகளில் வளர்த்த வான்கோழிக் குஞ்சுகள் இலட்சத்துக்கு மேற்பட்டவை கெட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டு மாண்டன. அதனை ஆராய்ந்தபோதே அபிளாடொக்சின் என்னும் நஞ்சு வெளிப்பட்டது. ஆகவே இரண்டும் வஞ்சனையாயினும் அளவாலும் விளைவாலும் வேறுபடும். வேறுபாடு அளவினதே என்பது அதனைப் பொருளற்றதாக்காது.

மூன்றாந் தடைக்கு விடை கூறுமுன், இச்செயலில் இரண்டு தவறுகள் அடங்கியிருத்தலைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று பறவைக்குச் செய்வது. மற்றொன்று உடன் வாழும் மனிதர்க்குச் செய்வது. காட்டுயிர் எவர்க்கும் தனியுடைமையன்று, மக்கள் யாவர்க்கும் பொதுவாக அரசினாற் காக்கப்படுவது என்பது அந்நாட்டு நியாயம். பருவமும் தொகையும் முறையும் வகுத்த சட்டம் வேடர் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கை போல்வது. அதற்கு அமைந்து பலநாள் வெறுங்கையனாய் மீளும் அயலான் பொறுமையின் பயனை, மறைவிற் சோளந் தூவியவன் கவர்ந்துகொள்கின்றான். பறவைகள் மிக்கிருக்கும் தெக்சாஸ் பகுதிகளில் அவ்வுடன்படிக்கை வேறாதலால் இரண்டாவது தவறு அங்கில்லை. அம்மாநிலத்தின் கிழக்கே, மீளக் குடியேற்றிய பறவைகள் வாழும் மாவட்டங்களில், இரையிடுதல் விலக்கப்பட்டதே. எல்லைக்கோடு சட்டத்தை மாற்றும். பறவைக்குச் செய்வது தக்கதோ என்னும் முதல் வினாவை அது மாற்றாது. அதற்கு அவனவன் மனமே விடை கூறல் வேண்டும்.

நான்காந் தடை நம் கருத்துக்கு மாறுபோலத் தோன்றி அதற்கே துணையாம். வலை வீசினோரும் சோளமே தூவினர். பறவையும் ஏமாந்தே அகப்பட்டது. ஆயினும் பிடித்தவை வேற்றுக் காடுகளில் விடப்பட்டு, அற்றுப்போன இடங்களிற் குஞ்சு பொரித்துப் பெருகின. அவ்வேமாற்றம் ஏமாந்த இனத்தின் வாழ்வுக்கே பயன்பட்டது. எனவே சோளத்தில் குற்றமில்லை. ஊட்டுங் கையும் கொல்லுங் கையும் ஒன்றாதலிலேயே குற்றம் உளது. நம்பிக்கை என்பதைப் பறவை அறியுமோ எனின், அறியாதாகலாம். ஊட்டுதல் இன்னதென்று மனிதன் அறிவான். அறிந்த அவன் அதனைக் கொலைக்கு முன்னுரையாக்குதலாற் கெடுவது அவனது நெஞ்சமேயாம்.

இனி, அறியாமை பற்றியும் சிறிது கூறுவாம். பிறன் தூவிய இரையை அறியாது அவ்விடத்தில் வேட்டையாடினவன் குற்றவாளியோ? வலசைப் பறவைகளைப் பற்றிய மத்திய அரசின் சட்டத்தில் நெடுங்காலம் அறியாமை பெரும்பாலும் விடையாக ஏற்கப்படவில்லை. 1998இற் செய்த திருத்தம், இரையிட்ட இடமென அறிந்தவனும், அறிந்திருத்தற்கு நியாயமிருந்தவனுமே குற்றவாளியாவர் என வகுத்தது. இஃது ஆழ்ந்த பகுப்பு. உண்மையில் அறியாதவன் வேறு. கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேளாதிருந்தவன் வேறு. வழிகாட்டிக்குப் பொருள் கொடுத்து, பறவைகள் இவ்வளவு திரளாக வருவானேன் என்று ஒருமுறையும் வினாவாதவன் இரண்டாமவனாவான்.

இத்தகைய சட்டத்தைக் காவலரால் மட்டும் நிலைநாட்டல் அரிது. பெருங்காட்டில் விடியற்பொழுதில் ஒருவன் தனியே இருக்கின்றான்; பார்ப்பாரில்லை. வேடனுக்குப் பார்வையாளர் இல்லாமையின் அவன் ஒழுக்கம் அவன் மனச்சான்றினாலேயே ஆளப்படும் என்னும் கருத்தை அல்டோ லியோபோல்டு என்னும் அறிஞர் விளக்கினார். அவர் 1948இல் இறக்க, மறு ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. 1887இல் தியோடர் ரூசவெல்டு முதலியோர் தொடங்கிய பூன் குரொக்கெட் சங்கமும், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பை விட்டு வேட்டையாடுதலே முறையென வற்புறுத்தி வந்தது.

ஆசிரியர்களே, துவக்கேந்தாத நமக்கு இதனால் ஆவதென்ன? வினாத்தாளை முன்னரே கண்டு தேறிய மாணாக்கனும் கற்றுத் தேறிய மாணாக்கனும் பெற்ற புள்ளி ஒன்றே. ஒன்றேயென்று விட்டுவிடுவோமோ? விடோம், காரணம் கேட்பின் பலகாலும் விதியைக் காட்டி அமைவோம். விதியைக் காட்டுதல் போதாது. தன்னோடு உடனிருந்து உழைத்தவனிடமிருந்து அவன் எதனைக் கவர்ந்தான், தன்னுள்ளே எதனைக் கெடுத்தான் என்னும் இரண்டையும் அவனே காணும்படி செய்தல் வேண்டும். காவலர் வாராத காட்டில் ஒருவன் கையிலுள்ள சோளத்தைத் தூவாது மீள்வானாயின், அஃது அவன் இளமையில் எவரிடமோ கற்ற பாடமாகும். அப்பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது.